உடைமரம் பூத்திருக்கு

ஆடி மாதம் எங்கள் தெருவில் கதவு திறந்திருக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற வீடுகளில் ஜன்னல் இடுக்கில்கூடப் பழைய துணியைச் சுருட்டித் திணித்து வைத்திருப்போம். கோவில்பட்டி ஊர் முடிந்து கரிசல்காடு தொடங்குகிற மேற்கு ஓரத்தில், கடைசி வரிசை வீடுகள் எங்களுடையவை. அதற்கு அப்பால் காற்றை மறிக்க ஒரு மதில்கூடக் கிடையாது. மலைப்பக்கம் கிளம்புகிற காற்று நேரே எங்கள் அடுப்படிக்குள் வந்துதான் மூச்சு வாங்கும். வருகிற வழியில் உழுது போட்ட புஞ்சையையெல்லாம் சுரண்டி அள்ளிக்கொண்டு வரும். சோற்றில் மண், தலையணையில் மண், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் பல்லில் மண்.

எனக்குக் காற்றென்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் வீட்டில் இருந்தபடி ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். கை ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் என்று வெட்டி வைத்த துணியைக் காற்று ஆளுக்கொரு திசையாகக் கொண்டுபோனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் அடுத்த வீட்டு அண்ணாச்சிக்கு ஆனி பிறந்துவிட்டால் போதும், முகத்தில் கல்யாணக் களை வந்துவிடும். அவரை நான் அண்ணாச்சி என்றல்லாமல் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவர் வீடு கட்டும்போது கொத்தனார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். கிழக்கே முன்வாசல், அதற்கு நேர் எதிரே மேற்கில் அதே அளவுக்குப் பின்வாசல், நடுவில் ஒரு தடுப்பும் கூடாது என்று இவர் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். "கரிசக்காட்டப் பாத்து இம்மாம் பெரிய வாசலா? வீட்டுக்குள்ளயே கம்பு வெதைக்கலாம் போங்க" என்று தலையில் அடித்துக்கொண்டுதான் கொத்தனார் நிலை வைத்தாராம். தெருவில் நின்று பார்த்தால் வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் காடு தெரியும். காட்டுக்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் வேலிக்கருவைப் புதர், வானம் தெளிந்த நாளில் அதற்கும் மேலே நீலமாய் மலை. இத்தனையும் அந்த இரண்டு கதவுக்குள் அடங்கியிருக்கும்.

அவர் வேலை பார்த்தது வத்தல் மண்டியில். மிளகாய் வத்தல் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, தரம் பார்த்து, எடை போட்டு மறுபடியும் கட்டி அனுப்புகிற இடம். காலையில் வெள்ளைச் சட்டையோடு போகிறவர் சாயங்காலம் இமை மயிரில்கூடச் சிவப்புத் தூசியோடு வருவார். அவர் எங்கள் வாசலைக் கடந்தாலே எனக்குத் தும்மல் வந்துவிடும். "மண்டி வந்துட்டு தங்கச்சி, மூக்கப் பொத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார். பின்கட்டுக் குழாயடியில் முகமும் கைகாலும் அலம்பி, பனியனையும் கழற்றிப் போட்டுவிட்டு, மடக்கு நாற்காலியைப் பின்வாசலுக்கு நேரே விரித்து மேற்கே பார்த்து உட்கார்ந்தாரென்றால் இருட்டும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். காற்று வேகமாய் ஒரு தள்ளுத் தள்ளும்போது, "வந்துட்டியா, வா, வா" என்பார். முதல் தடவை கேட்டபோது யாரோ விருந்தாளி என்று எட்டிப் பார்த்தேன்.

"ஏன் அண்ணாச்சி, ஒரு பக்கக் கதவையாவது சாத்தப்படாதா? ஒங்க வீட்டுக்குள்ள நுழைஞ்ச மண்ணெல்லாம் எங்க வாசல்லதான் வந்து விழுது" என்று நான் ஒரு நாள் சண்டைக்கே போனேன்.

"வந்தவியள வெளிய நிக்க வச்சிட்டுக் கதவச் சாத்தலாமா தங்கச்சி? நம்ம பக்கத்துல அப்படி ஒரு பழக்கம் உண்டா?" என்றார்.

உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுப்பார். தினமும் இது நடக்கும்.

"ஏட்டி, என்ன வாசம் வருது?"

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒடிசலான ஆள். சின்ன வயசிலிருந்தே மூச்சிளைப்பு உண்டு. பேச்சு ரொம்பக் குறைவு. ஏழு வார்த்தை வேண்டிய இடத்தில் மூன்றோடு முடித்துவிடுவார். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் நிலையில் வந்து நிற்பார். முகத்தைச் சற்றே தூக்கி, காற்றை நிதானமாக உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுவார்.

"தெக்க யாரோ ஆட்டுக்கிடை போட்டிருக்காவ." "வேப்பம்பழம் உதிந்து கெடக்கு, இனிச்ச வாடையா வருது." "மலைல மழை. ஈரமா இருக்கு." "ஓடைல உடைமரம் பூத்திருக்கு."

உடைமரம் என்றால் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொள்வார். குடை விரித்தாற்போல் நிற்கிற முள்மரம் அது. சின்னச் சின்ன வெளிர் உருண்டைகளாகப் பூக்கும். ஓடைப் பள்ளத்துக்குள் அந்த மரம் ஒன்றுதான் நின்றது. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. "கீழ்க்கொப்பு மொதல்ல பூத்திருக்கும், மேல இன்னும் மொட்டாத்தான் கெடக்கும்" என்று கண்ணைத் திறக்காமலே இவர் சொல்லுவார். "ஆமா" என்பார் மதினி. புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இப்படி ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் வெகு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மதினி எட்டயபுரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார். சாயங்காலம் அவர்கள் வீட்டிலிருந்து தாங்க முடியாத கருகல் நெடி. நான் மிஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். அடுப்படி முழுக்கப் புகை. சூடுபண்ண வைத்த மீன்குழம்பு சட்டியோடு கரியாகிவிட்டது. அடுப்புக்கு அந்தப் பக்கம், எட்டினால் தொடுகிற தூரத்தில், அண்ணாச்சி பின்வாசலில் நாற்காலியைப் போட்டு மேற்கே பார்த்துச் சிரித்த முகமாய் உட்கார்ந்திருந்தார். காற்று புகையை அவருக்கு எதிர்ப்பக்கமாக, முன்வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்த சத்தத்தில்தான் திரும்பினார். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கருகிருச்சா?" என்றார். தப்புப் பண்ணின பிள்ளைபோல முகம் சுருங்கிவிட்டது. "வத்தல் நெடி மூக்கத் தின்னுட்டு தங்கச்சி. கல்யாணமான புதுசுலயே போயிட்டு. மல்லியப் பூன்னாலும் ஒண்ணுதான், சாக்கடைன்னாலும் ஒண்ணுதான். மேல படுதது எனக்குத் தெரியும், குளுரு தெரியும், ஈரம் தெரியும். மத்தத அவ சொல்லுவா. அவ சொன்னாத்தான் எனக்குக் காத்து முழுசா வரும்."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை எங்கள் வீட்டிலிருந்துதான் கொடுத்து அனுப்பினேன். எனக்கு என்னவோ போல் இருந்தது. அதற்குப் பிறகு கதவைப் பற்றி அவரிடம் சண்டை போட்டதில்லை.

மூக்கு இல்லை என்பதற்காக அவரை ஏமாற்றிவிட முடியாது. ஒரு தடவை மதினி அவசரத்தில், அடுப்படியில் இருந்தபடியே, "கம்பு பூத்திருக்கு" என்று சொல்லிவிட்டார். "ஆடில எங்கட்டி கம்பு பூக்கும்? இன்னும் வெதைக்கவே இல்லையே! எந்திரிச்சு வந்து மோந்து பாத்துச் சொல்லு" என்று இவர் கத்த, மதினி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். மதினி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். சிரித்ததில் இளைப்பு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி எழுந்து போய் முதுகைத் தடவிக்கொடுத்தார். பொய் சொல்வதென்றாலும் பருவம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே மதினிக்குத் தெரிந்துபோயிருக்கும்.

என் ஜாக்கெட் துணிக்கும் காற்றுக்கும் நடந்த சண்டையில் அவர் ஒரு நாள் தலையிட்டார். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட், அரக்குக் கலர், அன்றைக்கு அடித்த கீழ்க்காற்றில் கைத்துண்டு இரண்டும் பறந்து மேற்கே காட்டுக்குள் போய்விட்டன. நான் ஐயோ என்று நிற்க, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கட்டிக்கட்டியாய்க் கிடக்கிற கரிசலில், கால் மடங்கி விழுந்து எழுந்து, ஓடை வரைக்கும் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். முழங்கையில் முள் கீறி ரத்தம். "ஒண்ணுமில்ல தங்கச்சி, காத்து போட்டுப் பாக்கணும்னு ஆசப்பட்டிருக்கு, அளவு சேரலன்னு உடைமரத்துல தொங்க விட்டுட்டுப் போயிட்டு" என்று சிரித்தார். மறுநாள் ஓடையிலிருந்து வழவழப்பான கூழாங்கற்கள் ஒரு துண்டு நிறையக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். துணி மேல் வைத்துக்கொள்வதற்காம். இப்போதும் அந்தக் கற்களை வைத்துத்தான் வெட்டுகிறேன்.

கரிசலில் வீடு கட்டினவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கோடையில் மண் வெடிக்கும், மழையில் உப்பும், சுவர் தாங்காது. எல்லோர் வீட்டிலும் கீறல் இருந்தது, எல்லோரும் சித்திரையில் பூசிவிடுவோம். அண்ணாச்சி வீட்டு மேற்குச் சுவரில் விழுந்த கீறலை மட்டும் அவர் தொடவிடவில்லை. காற்று வேகம் எடுக்கும்போது அதற்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு சீட்டிச் சத்தம் வரும். "அது காத்து அவனாப் போட்ட வழி, நாம ஏன் அடைக்கணும்?" என்பார். சாயங்காலம் கொடிக்கம்பியில் கரிச்சான் வந்து உட்காரும், அதற்கும் ஒரு பேச்சு. காலையில் புதருக்குள் கவுதாரி கூப்பிட்டால் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு எந்தத் திசை என்று விரலை நீட்டுவார். விடிந்ததும் ஓடை வரைக்கும் நடந்துபோய் அந்த உடைமரத்தைப் பார்த்துவிட்டு வருவது வழக்கமாக இருந்தது. பிறகு முழங்கால் வலி வந்தது. மண்டிக்குப் போய் வருவதே பாடாகிவிட, ஓடைக்குப் போவது நின்றது. மரம் எப்படி இருக்கிறது என்பதையும் மதினி சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

ஓடைக்கு அந்தப்பக்கம் கொட்டகை வந்தது அதற்குப் பிறகுதான். யாரோ வெளியூர் ஆள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தகரக் கொட்டகை போட்டார். கோழிக்கடைக் கழிவையெல்லாம் மூடின லாரியில் கொண்டுவந்து, பெரிய கொப்பரையில் கொதிக்க வைத்து, வற்ற வைத்து, மீன் தீவனத்துக்கு அனுப்புகிற தொழில். அடுப்புக்குப் பழைய டயர். மத்தியானத்துக்கு மேல் எரிக்க ஆரம்பித்தால் இருட்டும் வரை எரியும். மேல்காற்று அதை அப்படியே வாரி எங்கள் தெருவில் கொட்டியது. அந்த நாற்றத்தை எழுத எனக்குக் கை கூசுகிறது. சாப்பிட்ட கையை மோந்தால்கூட அதே வாடை. அதுவரை மண்ணுக்காகச் சாத்தின கதவுகளை இதற்காக இன்னும் இறுக்கிச் சாத்தினோம். மனுக் கொடுத்தோம். கொஞ்ச நாள் நிறுத்துவார்கள், பிறகு மறுபடியும் புகையும்.

அந்த முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், கொடியில் கிடந்த துணிகளை மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பின்வாசலில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். புதருக்கு மேலே கருப்பாகப் புகை தெரிந்தது.

"அங்க என்னட்டி பொகை?"

மதினி நிலையில் வந்து நின்றார். "கரிமூட்டம் போட்டிருக்காவ" என்றார். எங்கள் பக்கம் வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண் மூடி, தீ வைத்துக் கரியாக்குவது எங்கும் நடப்பதுதான். அண்ணாச்சி தலையாட்டினார்.

"என்ன வாசம் வருது?"

மதினி முகத்தைத் தூக்கி, எப்போதும்போல நிதானமாக அந்தக் காற்றை உள்ளே இழுத்தார். எனக்குப் பார்க்கவே குமட்டியது.

"உடைமரம் பூத்திருக்கு" என்றார்.

"ஆவணிக்கு முந்தியேவா? நேத்து மலைல மழைல்லா, அதான்" என்று அவரே காரணமும் கண்டுபிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். மதினி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் அவர் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. இருமலும் கேட்டது.

அண்ணாச்சி மண்டிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மதினியிடம் கேட்டேன். "எதுக்கு மதினி இந்தப் பொய்? நாத்தம்னு சொல்லிக் கதவச் சாத்துங்க. ஒங்களுக்கு ஏற்கெனவே இளைப்பு."

அவர் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"நாள் பூரா வத்தல் தூசிக்குள்ள கெடந்துட்டு வாராவ. பிள்ள இல்ல, ஒரு சினிமா, ஒரு சீட்டாட்டம், ஒண்ணு கெடையாது. அவியளுக்குன்னு இருக்கது இந்தக் காத்து ஒண்ணுதான். அதுவும் நாறிட்டுன்னு நான் எந்த வாயால சொல்ல? நீயும் சொல்லிப்புடாத. தெருவுல யாரும் சொல்லாண்டாம்."

மதினி அவ்வளவு நீளமாக என்னிடம் பேசியது அதுதான் முதலும் கடைசியும். தெருவில் எல்லோருக்கும் சொல்லி வைத்தோம். கொட்டகைக்கு எதிராகக் கொடுத்த மனுவில்கூட அவரிடம் மட்டும் கையெழுத்துக் கேட்கவில்லை. எங்கள் தெருக்காரர்கள் குழாயடியில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறவர்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஒரு வாய்கூடத் தவறவில்லை. அண்ணாச்சி நடந்து போனால் மூக்கைப் பொத்தியிருந்தவர்கள் கையை இறக்கிக்கொள்வார்கள். அவருக்குக் கண் கரிக்கும். மண்டியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த தூசி என்று நினைத்து மறுபடியும் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். அந்தக் காற்றில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

மதினி தினம் ஒரு வாசம் சொன்னார், மாதம் தப்பாமல் சொன்னார். சித்திரையில் வேப்பம்பூ, ஆனியில் வேப்பம்பழம், ஆடியில் மலைமழை. உடைமரம் மட்டும் அடிக்கடி வந்தது. அது அவருக்குப் பிடிக்கும் என்பதால் இருக்கலாம். லாரி வர ஓடைக்குள் பாதை போட்டபோது அந்த மரத்தை முதல் நாளே வெட்டிப்போட்டுவிட்டார்கள் என்பது மதினிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இளைப்பு கூடிக்கொண்டே வந்தது. இருமல் வந்தால் தலையணையை வாயில் பொத்திக்கொள்வார், அண்ணாச்சிக்குக் கேட்காமல் இருக்க. டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். புகை, தூசி எதுவும் ஆகாது, வீட்டைச் சாத்தி வைத்துக்கொண்டு உள்ளே இருங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது மதினி என் கையைப் பிடித்து, "அவியட்ட மழைக்காலத்துல வாரதுதான்னு சொல்லிருவோம்" என்றார். வீட்டில் இறங்கினதும் நேரே போய்ப் பின்வாசல் கதவைத் திறந்து வைத்தார். அண்ணாச்சி வருகிற நேரம் ஆகியிருந்தது.

அடுத்த ஆவணியில் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மதினி இறந்துபோனார். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். முன்வாசல் பக்கம் மதினியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நேர்நேராக வாசல் இருந்ததால் பின்கட்டிலிருந்து பார்த்தாலும் படம் தெரிந்தது. அண்ணாச்சியைப் பின்வாசலில் அவர் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். மதினியின் அக்கா, கயத்தாற்றில் வாக்கப்பட்டவர், சாப்பிட்ட கையைக் கழுவப் பின்பக்கம் வந்தார். கொட்டகையில் எரிக்க ஆரம்பித்திருந்த நேரம். வந்தவர் முந்தானையை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"தாயே, இது என்ன நாத்தம்! இந்த நாத்தத்துக்குள்ளயா என் தங்கச்சி கெடந்தா?"

"நாத்தமா? கரிமூட்டமுல்லா போட்டிருக்கான்" என்றார் அண்ணாச்சி.

"கரிமூட்டமா? செத்த கோழியக் காச்சுத நாத்தம் கொடலப் புடுங்குது, கரிமூட்டங்கீரே! எளப்புக்காரிய வச்சிக்கிட்டு இப்படிக் கதவத் தொறந்து போட்டிருக்கீரே, ஒமக்கு மூக்கு இல்லன்னா அவளுக்கு நெஞ்சு கூடவா இல்ல?" அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு எதுவும் தெரியாது.

அண்ணாச்சி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீ சொல்லு. இப்ப என்ன வாசம் வருது?"

மதினி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அது ஆவணி. உடைமரம் பூக்கிற மாதம்தான். ஆனால் அந்த அம்மா அழுதுகொண்டு நிற்க, தெருவே தலையைக் குனிந்துகொண்டு நிற்க, என் வாயில் அது வரவில்லை.

"கோழிக்கழிவு காச்சுதாவ அண்ணாச்சி. கூட டயரும் எரிக்காவ."

"எப்பமிருந்து?"

"கொட்டகை போட்டதுல இருந்து."

"உடைமரம் பூத்திருக்குன்னாளே. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாளுகூடச் சொன்னாளே."

"அந்த மரத்த வெட்டிட்டாவ அண்ணாச்சி. கொட்டகைக்குப் பாதை போடும்போதே வெட்டிட்டாவ."

அவர் கை நாற்காலிப் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது. "டாக்டரு ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார்.

"கதவச் சாத்தி வைக்கச் சொன்னாரு."

அவர் தலையாட்டினார். முன்வாசல் பக்கம் திரும்பி மாலை போட்ட படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அழவில்லை. எழுந்து நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பின்வாசல் கதவு இரண்டையும் இழுத்துச் சேர்த்தார். தாழ்ப்பாள் நகரவில்லை. வெளியே போனால் கொக்கி மாட்டுவதோடு சரி, வீடு கட்டின நாளிலிருந்து அந்தத் தாழ்ப்பாளை யாரும் போட்டதில்லை, துருவேறி இறுகியிருந்தது. அம்மிக் குழவியை எடுத்துவந்து அதை அடித்து அடித்து உள்ளே இறக்கினார். ஒவ்வொரு அடிக்கும் சொந்தக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அந்தக் கதவு திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் வாளியில் சிமெண்ட்டைக் குழைத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு ஸ்டூலில் ஏறி, மேற்குச் சுவர்க் கீறலை அவரே பூசிக்கொண்டிருந்தார். சீட்டிச் சத்தம் நின்றது. மண்டிக்குப் போனார், வந்தார். என் வாசலைக் கடக்கும்போது நான் தும்மினால்கூட ஒன்றும் சொல்வதில்லை. கரிச்சான் கொடிக்கம்பியில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகும். குழம்பு, ரசம் ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்வார். "நல்லாருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டால், "நீ சொன்னாச் சரிதான்" என்பார். அந்தப் பதிலைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருக்கும்.

மறு வருஷம் பங்குனியில் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். குத்தகையில் ஏதோ தகராறு என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் மனுவால் இல்லை. அதற்கடுத்த தையில் தூத்துக்குடியிலிருந்து அண்ணாச்சியின் தம்பி மகன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கேயேதான் அவர் காலம் முடிந்தது. போவதற்கு முந்தின ஆடியில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அன்று மத்தியானத்திலிருந்தே காற்றில் ஒரு குளிர் இருந்தது. நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். துணி பறக்கிறதே என்று ஜன்னலைச் சாத்த எழுந்தவள் சாத்தாமல் நின்றுவிட்டேன். மேற்கே காடு முழுக்க மங்கலாகி, சாரல் இறங்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் வாசம் வந்துவிட்டது. வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசலில் முதல் தூற்றல் விழுகிற வாசம். கூடவே வேப்பம்பழம். எங்கேயோ ஆட்டுக்கிடைகூட. காற்றைக் கண்டாலே எரிந்து விழுகிற நான் அன்றைக்கு முகத்தை வெளியே நீட்டி அதை உள்ளே இழுத்தேன். செருப்புக்கூடப் போடாமல் பின்பக்கமாக ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன்.

"அண்ணாச்சி! மழை வருது அண்ணாச்சி. மண் வாசம் அப்படி வருது. கதவத் தொறங்க."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கதவுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார். எனக்கு அவர் மூச்சுக்கூடக் கேட்டது.

"வேப்பம்பழம் வாடையும் சேந்து வருது அண்ணாச்சி. கொட்டகைதான் போயிட்டே. ஒரு நாத்தமும் இல்ல. சத்தியமாச் சொல்லுதேன், தொறங்க."

காற்று கதவை ஒரு தள்ளுத் தள்ளியது. தாழ்ப்பாள் கடகடத்தது. அவர் கை அதன் மேல் வந்து விழ, கடகடப்பு நின்றது. திறக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அவளும் இப்படித்தான் தங்கச்சி சொல்லுவா" என்றார் உள்ளேயிருந்து.

சாரல் வந்துவிட்டது. காலைத் தேய்த்துக்கொண்டு அவர் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் நனைந்துகொண்டே அந்தக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.